முதல் கையெழுத்து – 6: மேசையில் இல்லாதவர்கள்

1968 டிசம்பர். வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரணி வீசும் பந்தைத் தடுக்கப் பின்வரிசையில் நின்றிருந்த ஜேம்ஸ் ஸ்மித், கழுத்தில் பலத்த அடிபட்டு விழுந்தார். எல்லோரும் அவரை யாஸூ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த வருடம்தான் வந்திருந்தார். தொழில்முறை வீரராக அவருக்கு அது முதல் பருவம். கடைசிப் பருவமும் அதுவே.

அவர் கையில் இருந்தது ஒரே ஒரு வருட ஒப்பந்தம். போனஸ், சம்பளம் எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 டாலர். டிராஃப்ட்டில் முதல் சுற்றிலேயே, 12-ஆவது ஆளாகத் தேர்வானவருக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

சென்ற வாரம் ஜோ நேமத்தின் கதையைப் பார்த்தோம். 1965 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸ் அவருக்கு எழுதிக் கொடுத்தது 4,27,000 டாலர். நேமத் பெரிய நட்சத்திரம், அதுவும் பந்து எறியும் குவார்ட்டர்பேக். ஸ்மித் தடுப்பாட்டக்காரர். இருவரும் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வித்தியாசம் அவர்கள் திறமையில் மட்டும் இல்லை. நேமத் வந்தபோது என்.எஃப்.எல்., ஏ.எஃப்.எல். என்று இரண்டு லீக்குகள் இருந்தன. இரண்டும் ஒரே இளைஞனைத் துரத்தின. 1966 ஜூனில் இரண்டும் இணையச் சம்மதித்தன. 1967-லிருந்து டிராஃப்ட்டும் ஒன்றானது. அதோடு புதுமுகங்களின் பேரம் பேசும் பலமும் போயிற்று.

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏலத்தில் நான்கு அணிகள் கை தூக்கினால் வீரனின் விலை ஏறும். டிராஃப்ட் இதற்கு நேர் எதிர். ஓர் அணி உங்கள் பெயரைச் சொன்னதும் மற்ற எல்லா அணிகளும் விலகிக்கொள்ளும். அந்த ஒரு முதலாளியிடம் மட்டும்தான் பேசலாம். அவர் சொல்லும் தொகை பிடிக்கவில்லையா? வீட்டுக்குப் போகலாம்.

ஸ்மித் வீட்டுக்குப் போகவில்லை. 1970-இல் நீதிமன்றத்துக்குப் போனார்.

*

அவர் கையில் எடுத்தது 1890-ஆம் வருடத்து ஷெர்மன் சட்டம். எண்ணெய்க் கம்பெனிகளும் ரயில்வேக்காரர்களும் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பதைத் தடுக்க அமெரிக்கா இயற்றிய சட்டம் அது. ஸ்மித்தின் வாதம் எளிமையானது. போட்டி போட வேண்டிய முதலாளிகள் ஒரு விடுதி அறையில் கூடி, 'இவன் உனக்கு, அவன் எனக்கு' என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எண்ணெய் வியாபாரத்தில் குற்றமாக இருப்பது, மனிதனின் உழைப்பில் மட்டும் எப்படி நியாயமாகும்?

வழக்கு ஆறு வருடம் இழுத்தது. 1976-இல் வாஷிங்டன் மாவட்ட நீதிபதி வில்லியம் பிரையண்ட் தீர்ப்புச் சொன்னார்: டிராஃப்ட் சட்டவிரோதம். திறந்த சந்தையில் ஸ்மித்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகையைக் கணக்கிட்டு, சட்டப்படி அதை மும்மடங்காக்கி, 2,76,600 டாலர் இழப்பீடும் அறிவித்தார்.

1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டுக் கணக்கைத் திருப்பி அனுப்பியது. மூலக்கேள்வியில் பின்வாங்கவில்லை. ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்த அந்த 1968 டிராஃப்ட், போட்டியை ஒழிக்கும் ஏற்பாடுதான், சட்டத்துக்கு விரோதமானதுதான் என்றது.

1936-இல் பிலடெல்ஃபியாவின் ரிட்ஸ் கார்ல்டன் விடுதியில் தொடங்கிய ஏற்பாடு நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது. அப்படியானால் டிராஃப்ட் அன்றோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் அடுத்த வருடமும் நடந்தது. அதற்கடுத்த வருடமும் நடந்தது. இன்றுவரை நடக்கிறது. காரணம், 1978 தீர்ப்பு வருவதற்கு ஒரு வருடம் முன்பே முதலாளிகள் ஒரு கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போட்டவர்கள் வீரர்கள் சங்கத்தார்.

*

இதைப் புரிந்துகொள்ள 1976-இல் வந்த இன்னொரு தீர்ப்பைப் பார்க்க வேண்டும். பால்டிமோர் கோல்ட்ஸின் ஜான் மாக்கி, வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஒப்பந்தம் முடிந்த வீரனை வேறொரு அணி எடுத்தால், பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை லீக்கின் கமிஷனர் பீட் ரோஸெல் முடிவு செய்வார். இப்படி ஒரு விதி இருந்தது. ஈடு எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் யார் துணிந்து எடுப்பார்கள்? மாக்கியும் அவரது சகாக்களும் வழக்குப் போட்டு அந்த விதியை முறியடித்தார்கள். வீரர்களுக்குப் பெரிய வெற்றி.

ஆனால் அதே தீர்ப்புக்குள் முதலாளிகளுக்கும் ஒரு வழி இருந்தது. ஒரு விதி முதலாளிகள் தாமாகத் திணித்ததாக இல்லாமல், சங்கத்தோடு நேர்மையாகப் பேரம் பேசி ஒப்புக்கொண்டதாக இருந்தால், ஷெர்மன் சட்டம் அதைத் தொடாது என்றது நீதிமன்றம். தொழிலாளர் சட்டம் கூட்டுப் பேரத்தை ஊக்குவிக்கிறது; அதில் பிறந்த ஏற்பாட்டுக்கு விலக்கு உண்டு.

முதலாளிகள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். 1977-இல் எட் கார்வி தலைமையிலான சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். சங்கத்துக்குக் காசு மிகவும் தேவைப்பட்ட நேரம். சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொடுக்க முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். 17 சுற்றாக இருந்த டிராஃப்ட்டை 12 ஆகக் குறைத்தார்கள். பதிலுக்கு டிராஃப்ட்டைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இதுதான். டிராஃப்ட் யாரைக் கட்டுகிறது? கல்லூரியிலிருந்து வருகிறவனை. அவன் சங்கத்தில் உறுப்பினரா? இல்லை. ஓட்டு உண்டா? இல்லை. அவனைக் கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், அவன் வந்தால் தங்கள் இடம் போய்விடுமோ என்று பயப்படும் மூத்த வீரர்கள். சங்கத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உயிர் பிழைக்கப் போராடிக்கொண்டிருந்த சங்கம் அது. ஆனால் கொடுத்தது யாருடைய உரிமை என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

*

இதை எதிர்த்து யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். கூடைப்பந்தில் லியான் வுட் என்ற புதுமுகம் கேட்டுத் தோற்றார். நம் லீக்கிலேயே ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் கிளாரெட் கேட்டார். பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாதவன் டிராஃப்ட்டுக்கு வரக் கூடாது என்ற விதியை எதிர்த்து அவர் போட்ட வழக்கில், 2004 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். மே மாதம் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமேயர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். வேலைக்கு வரப்போகிறவனின் நிபந்தனைகளையும் சேர்த்துப் பேரம் பேசச் சங்கத்துக்கு உரிமை உண்டு, மற்ற எந்தத் தொழிலிலும் அப்படித்தான் என்பது சாரம்.

சட்டம் தெளிவாகிவிட்டது. சங்கம் இருக்கும்வரை புதுமுகத்துக்கு நீதிமன்றக் கதவு திறக்காது.

'சங்கம் இருக்கும்வரை' என்ற இந்த இரண்டு சொற்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் தேவைப்படும்.

*

நடுவில் நடந்த வேலைநிறுத்தங்களை, 1982-ஐயும் 1987-ஐயும், தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும். இப்போது 1993-க்கு வருவோம். நீதிபதி டேவிட் டோட்டியின் நீதிமன்றத்தில் வீரர்கள் ஜெயித்த பிறகு, சங்கத்தின் ஜீன் அப்ஷாவும் கமிஷனர் பால் டாக்லியாபூவும் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். அனுபவ வீரர்களுக்கு விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரம் கிடைத்தது. பதிலுக்கு ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு. 1994-இல் அது 3.46 கோடி டாலர். அந்த வரம்புக்குள்ளேயே புதுமுகங்களுக்கென்று ஒரு சிறு தொகையைத் தனியாகக் கட்டினார்கள்.

காகிதத்தில் கடுமையான கட்டுப்பாடு. ஆனால் கட்டுப்பாடு முதல் வருடக் கணக்கில்தான் இறுகியிருந்தது. ஏஜென்ட்டுகள் ஒப்பந்தத்தை ஆறு, ஏழு வருடத்துக்கு நீட்டினார்கள். கையெழுத்து போனஸ் உச்சவரம்புக் கணக்கில் வருடங்களுக்குப் பிரிந்து விழும் என்பதால், வருடம் கூடக் கூட போனஸும் வீங்கியது. எளிதில் எட்டக்கூடிய இலக்குகளை வைத்து ஊக்கத்தொகை எழுதினார்கள். ஒவ்வொரு வருடமும் முதலாவதாகத் தேர்வானவன், போன வருடம் அந்த இடத்தில் இருந்தவனைவிடக் கூடக் கேட்டான். கொடுக்காவிட்டால் பயிற்சி முகாமுக்கு வர மாட்டான்.

2007-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் ஜமார்கஸ் ரஸ்ஸலை எடுத்தது. பருவத்தின் முதல் வாரம் முடிந்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். உத்தரவாதப் பணம் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல். மூன்று பருவங்களில் அவர் தொடங்கிய 25 ஆட்டங்களில் அணி ஜெயித்தது 7. 2010 மே மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். 2009-இல் டெட்ராய்ட், மேத்யூ ஸ்டாஃபர்டுக்கு உத்தரவாதமாக எழுதியது 4.17 கோடி. 2010-இல் செயின்ட் லூயிஸ், சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி; அதில் 5 கோடி உத்தரவாதம். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு பந்துகூட எறியாத இளைஞனுக்கு.

முதலாளிகள் கொதித்தார்கள். கமிஷனர் ராஜர் குடெல் 2008-லேயே இதை வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். ஆனால் அதே அளவு கொதித்தவர்கள் மூத்த வீரர்கள். உச்சவரம்பு இருக்கும் லீக்கில் பணம் ஒரே பானையில்தான் இருக்கிறது. புதியவன் அள்ளுவது பழையவனின் பங்கிலிருந்து. பத்து வருடம் முழங்கால் தேய ஆடியவனுக்கு அந்தக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

முதலாளிக்கும் மூத்த வீரனுக்கும் ஒரே இடத்தில் வலித்தால் முடிவு என்ன ஆகும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு திருப்பம்.

*

2011 மார்ச் 11. பேச்சுவார்த்தை முறிந்தது. டிமோரிஸ் ஸ்மித் தலைமையிலான வீரர்கள் சங்கம் அன்றே தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. இனி வீரர்களின் சார்பாகப் பேரம் பேசும் சங்கம் அல்ல என்று அறிவித்தது.

சங்கம் இல்லையென்றால் விலக்கும் இல்லை. யாஸூ ஸ்மித் ஏந்திய ஷெர்மன் சட்டம் மறுபடி உயிர் பெற்றது. அன்றே மினசோட்டா ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு. வழக்காளிகள் பத்துப் பேர். டாம் பிரேடி, பெய்ட்டன் மேனிங், ட்ரூ பிரீஸ் என்று உலகறிந்த பெயர்கள். அந்த வரிசையில் லீக்கில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடியிராத ஒருவர்: டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வான் மில்லர், 21 வயது. இன்னும் எந்த அணியிலும் இல்லாத புதுமுகங்களின் பிரதிநிதியாக அவரைச் சேர்த்திருந்தார்கள். டிராஃப்ட்டும் புதுமுகச் சம்பள வரம்பும் சட்டவிரோதம் என்பது வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

1968-இல் யாஸூ ஸ்மித்துக்குக் கிடைக்காதது, முதன்முறையாக ஒரு புதுமுகத்துக்குக் கிடைத்தது. நாட்டின் ஆகப்பெரிய நட்சத்திரங்கள் அவர் பக்கத்தில் நின்றார்கள்.

முதலாளிகள் மறுநாளே கதவடைப்புச் செய்தார்கள். ஏப்ரல் 25 அன்று நீதிபதி சூசன் நெல்சன் கதவைத் திறக்கச் சொன்னார். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 28 இரவு, நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் டிராஃப்ட். பழைய ஒப்பந்தமே அந்த ஒரு டிராஃப்ட்டை அனுமதித்திருந்தது. கூட்டம் குடெலைப் பார்த்துக் கூச்சலிட்டது. இரண்டாவது பெயராக டென்வர் பிராங்கோஸுக்காக அவர் வாசித்தது: வான் மில்லர். எந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்று மில்லர் நீதிமன்றத்தில் சொல்லியிருந்தாரோ, அதே ஏற்பாட்டின் மேடையில் ஏறி, எதிர்த்தரப்பின் கமிஷனர் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார். வேறென்ன செய்ய முடியும்? வேலை வேண்டுமே.

மறுநாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் நெல்சனின் உத்தரவை நிறுத்திவைத்தது. ஜூலை 8 அன்று ரத்தே செய்தது. கதவடைப்பு தொடரலாம். ஆனால் டிராஃப்ட் நியாயமா, புதுமுகச் சம்பள வரம்பு நியாயமா என்ற பெரிய கேள்வி இன்னும் விசாரிக்கப்படவில்லை. வழக்கு உயிரோடுதான் இருந்தது.

ஜூலை 25 அன்று சமரசம் வந்தது. வழக்கைக் கைவிட்டார்கள். சங்கம் மறுபடி சங்கமானது. பத்து வருட ஒப்பந்தம் உருவானது. அதில் லீக்கின் வரலாற்றிலேயே இல்லாத அளவுக்கு இறுக்கமான புதுமுகச் சம்பள வரம்பும் இருந்தது.

*

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 2020-இல் 1,019-க்கு 959 என்ற ஓட்டில் நிறைவேறிய அடுத்த ஒப்பந்தமும் இதே எலும்புக்கூட்டைத்தான் வைத்திருக்கிறது.

டிராஃப்ட்டில் தேர்வானவனுக்கு நான்கு வருட ஒப்பந்தம். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. தேர்வாகாமல் சேர்ந்தவனுக்கு மூன்று. எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்பதே தொகையைத் தீர்மானிக்கும். முதல் வருடச் சம்பளம் பொதுவாகக் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2024-இல் அது 7.95 லட்சம் டாலர். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் உள்ள வித்தியாசம் கையெழுத்து போனஸில். அதன்பின் ஒவ்வொரு வருடமும் உயர்வு, முதல் வருடக் கணக்குத் தொகையின் 25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது.

2024-இல் முதலாவதாக சிகாகோ எடுத்த கேலப் வில்லியம்ஸைப் பாருங்கள். போனஸ் சுமார் 2.55 கோடி, நான்கால் வகுத்தால் வருடத்துக்குச் சுமார் 64 லட்சம். அதோடு 7.95 லட்சம். முதல் வருடக் கணக்கு ஏறக்குறைய 72 லட்சம். அதில் கால்பங்கு 18 லட்சம் வருடா வருடம் கூடும். நான்கு வருடத்தைக் கூட்டினால் சுமார் 3.95 கோடி டாலர். அவர் பெயரை வாசிப்பதற்கு முன்பே இந்தத் தொகை எல்லோருக்கும் தெரியும். பேரம் பேச மிஞ்சியிருப்பது, போனஸை எப்போது கொடுப்பார்கள், நீக்கிய பிறகு வேறு அணியில் சம்பாதித்தால் அதைக் கழித்துக்கொள்வார்களா என்பதுபோன்ற ஓரத்து விஷயங்கள்தான். 2016-இல் ஜோயி போசா இவற்றுக்காகவே ஆகஸ்ட் கடைசிவரை கையெழுத்துப் போடாமல் இருந்தார்.

மிக முக்கியமான விதி இன்னொன்று. டிராஃப்ட்டில் தேர்வானவனின் சம்பளத்தை மூன்று பருவம் முடியும்வரை உயர்த்தி எழுத முடியாது. அணியே மனமுவந்து கொடுக்க நினைத்தாலும் முடியாது. இந்த ஆட்டத்தில் ஒரு வீரனின் சராசரி ஆயுள் மூன்றரை வருடத்துக்கும் குறைவு என்பது சங்கம் பல காலமாகச் சொல்லிவந்த கணக்கு. நான்கு வருட ஒப்பந்தம், மூன்றரை வருட ஆயுள். பெரும்பாலான வீரர்கள் தங்கள் உண்மையான விலையை ஒருநாளும் கேட்காமலே வெளியே போகிறார்கள்.

புதுமுகங்களின் சம்பளத்தில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதி மூத்தவர்களுக்கும், 1993-க்கு முன் ஆடி ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதியத்துக்கும் போனது. அந்தக் கிழவர்களுக்கு அது நியாயமாகச் சேர வேண்டியதுதான். அதை இருபத்தொரு வயதுக்காரர்களிடமிருந்து எடுத்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2010-இல் முதலாவதாக வந்த பிராட்ஃபர்டுக்கு உத்தரவாதம் 5 கோடி. 2011-இல் முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு மொத்தமே 2.2 கோடி. புதுமுகங்களின் பிரதிநிதியாக வழக்காடிய வான் மில்லருக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 2.1 கோடி. அதற்கு முந்தைய வருடம் அதே இரண்டாம் இடத்தில் வந்த இண்டாமுகன் சூவுக்கு உத்தரவாதம் மட்டும் 4 கோடி.

மில்லர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் இன்னொரு வரி இருந்தது. முதல் சுற்றில் தேர்வானவனை, அணி விரும்பினால் ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளலாம். விரும்ப வேண்டியது அணிதான். வீரனைக் கேட்க வேண்டியதில்லை. டென்வர் அந்த வரியைப் பயன்படுத்தியது. 2015 பருவம் மில்லருக்கு அந்த ஐந்தாவது வருடம்.

அந்தப் பருவத்தின் முடிவில், 2016 பிப்ரவரி 7 அன்று, டென்வர் 50-ஆவது சூப்பர் பௌலை வென்றது. ஆட்ட நாயகன் மில்லர். அடுத்த பருவத்துக்கு அவர் கையில் ஒப்பந்தம் இல்லை. ஐந்து வருடம் காத்திருந்தவரின் விலையைச் சந்தை சொல்ல விட்டார்களா, அல்லது அணியின் கையில் இன்னொரு பூட்டு இருந்ததா? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)